சர்வீஸ் ரோட்டில் ஒரு கார்னெட்

1

என் அண்ணன் மகள் திவ்யாவின் கல்யாணத்தை நான் வட இங்கிலாந்தில் என் சமையலறை மேஜையில் உட்கார்ந்து மடிக்கணினியில் பார்த்தேன். கல்யாணம் என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை. முந்தின நாள் சாயங்காலம் நடந்த மாப்பிள்ளை அழைப்பைத்தான் கண் கொட்டாமல் பார்த்தேன். மறுநாள் தாலி கட்டியது, அட்சதை போட்டது எதுவும் என் மனதில் ஏறவில்லை.

நேரில் போயிருக்க வேண்டியவள்தான். ஒரே அண்ணன், அவருக்கு ஒரே பெண். ஆனால் என் பாஸ்போர்ட் குடியேற்ற அலுவலகத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. ஒரு தாளில் நான் மல்லிகா ஆறுமுகம், இன்னொன்றில் ஆறுமுகம் மல்லிகா, கல்யாணப் பதிவில் மல்லிகா சேகர். மூன்று பேரும் ஒருத்திதான் என்று நான் நிரூபிக்க வேண்டும்.

“உங்கள் குடும்பப் பெயர் எது?” என்று போனில் ஒரு பெண் மிகவும் பொறுமையாகக் கேட்டாள்.

“எங்களுக்கு அது கிடையாது. ஆறுமுகம் என் அப்பா பெயர்.”

“அப்படியானால் உங்கள் அப்பாவின் குடும்பப் பெயர்?”

“அது அவருடைய அப்பா பெயர்.”

“கொஞ்சம் காத்திருங்கள்” என்றாள். காத்திருந்தேன். காதுக்குள் ஏதோ பழைய டிவி தொடரின் முகப்பு இசையை டிரம்பெட்டில் ஊதிக்கொண்டே இருந்தார்கள். இதற்குமுன் அந்தத் தொடரைப் பார்த்ததில்லை. இனி பார்க்கவும் மாட்டேன்.

என் கணவர் சேகர் அப்போதுதான் புது வேலையில் சேர்ந்திருந்தார். லீவு கிடையாது. ஆகவே எங்கள் மகள், பதினேழு வயது யாழினி, தனியாகக் கிளம்பினாள். ஒரு பெட்டியில் பாவாடை தாவணி, சாக்லேட், அண்ணிக்கு வைட்டமின் மாத்திரை. தோளில் அவளுடைய கார்னெட். திரும்பி வந்ததும் கச்சேரி இருக்கிறது, வாசிக்காமல் விட்டால் உதடு மரத்துப் போகும் என்றாள். விமான நிலையத்தில் அவள் கையாட்டிவிட்டு உள்ளே போனாள். அவள் தமிழ் பேசுவாள். ஆனால் அவள் பேசுவது என் சமையலறையில் மட்டும் செல்லுபடியாகும் தமிழ்.

2

கார்னெட்டைப் பற்றித் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். டிரம்பெட்டின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் குள்ளம், கொஞ்சம் மெத்தான குரல். பஞ்சாலைகள் மூடிய பிறகும் இந்த ஊரில் மூடாத ஒன்று பித்தளை வாத்தியக் குழு. தேவாலயத்தின் பின்கட்டில் வாரம் இரண்டு முறை ஒத்திகை. யாழினி ஒன்பது வயதில் போய்ச் சேர்ந்தாள். குளிரில் வாசலில் நிற்க முடியாமல் நானும் உள்ளே போய் உட்கார ஆரம்பித்தேன். சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கு ஏதாவது வேலை கொடுப்பது இவர்கள் வழக்கம். இசைத்தாள்களைப் பிரித்து அடுக்குவது, சிவப்புக் கோட்டுகளுக்குப் பொத்தான் தைப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது.

“எங்க கண்டக்டர் யாழினியை ரொம்பப் புகழ்ந்தாங்க” என்று ஒருமுறை அண்ணனிடம் சொன்னேன்.

“பஸ்ல வேலைக்குப் போறாளா? ஏன்? சேகருக்கு என்ன ஆச்சு?” என்று பதறிவிட்டார். கையில் குச்சியோடு முன்னால் நிற்கும் மார்கரெட் அம்மையாரை அவருக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வருஷத்துக்கு ஒரு நாள் படப்பாட்டு, டிவிப்பாட்டு கச்சேரி. விண்வெளிப் படத்தின் இசை, துப்பறியும் தொடரின் இசை, குழந்தைகளுக்கான கார்ட்டூன் இசை எல்லாவற்றையும் பித்தளைக் குழுவுக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மேயர் கழுத்தில் பொன்சங்கிலியோடு முன்வரிசையில் உட்காருவார். முடிந்ததும் என் மகளின் கையைப் பிடித்துக் குலுக்குவார். அந்தப் புகைப்படத்தை நான் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

இந்த வருஷம் யாழினி ஒரு தமிழ்ப் பாட்டை எழுதிக் கொடுத்தாள். நான் பாத்திரம் துலக்கும்போது முனகுகிற பழைய சினிமாப் பாட்டு. எந்தப் படம் என்று எனக்கே மறந்துவிட்டது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதி, அச்செடுத்து, பெருமையோடு விநியோகித்தாள். வாசித்துப் பார்த்தார்கள். சுரம் எதுவும் தப்பவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் மாதிரி இருந்தது.

“அழகாக இருக்கிறது” என்றார் மார்கரெட். அவர் அப்படிச் சொன்னால் அழகாக இல்லை என்று அர்த்தம். யாழினி அச்செடுத்த தாள்களை எல்லாம் திரும்ப வாங்கிப் பைக்குள் திணித்தாள்.

3

நானும் அண்ணனும் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். அப்பா திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். பக்கத்து வீடு தஞ்சாவூர், எதிர்வீடு வேலூர், மாடியில் நாகர்கோவில். எல்லா ஊர்க் கல்யாணமும் எங்கள் தெருவில் நடக்கும். பேண்டு செட் மட்டும் காட்டுப்பாக்கம் பக்கமிருந்து வரும்.

அந்தப் பேண்டு செட் வந்துவிட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. ஜிகினா பட்டை வைத்த சிவப்புக் கோட்டு, தலையில் குஞ்சம் வைத்த தொப்பி, காலில் ரப்பர் செருப்பு. அந்த வாரம் வெளியான படத்தின் பாட்டை அந்த வாரமே வாசிப்பார்கள். சாயங்கால டிவி சீரியலின் முகப்புப் பாட்டை வாசித்தால் தெருவில் நிற்கும் பெண்கள் எல்லாம் வார்த்தையோடு சேர்ந்து பாடுவார்கள். யுபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதுபவரின் கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்பும். நான் அவர் பக்கத்திலேயே நடப்பேன்.

“அங்க போய் நிக்காத. பேண்டுக்காரனுங்க கூட என்ன பேச்சு?” என்று அப்பா கையைப் பிடித்து இழுப்பார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊரே எழுந்து கை கழுவிய பிறகு, மண்டபத்துக்குப் பின்னால் அவர்களுக்கு இலை போடுவார்கள். அதுவும் யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

4

யாழினி போய்ச் சேர்ந்து சில நாள் கழித்துப் போனில் குதூகலமாகப் பேசினாள். அண்ணன் இப்போது பாரிவாக்கத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். பாட்டுகளை முடிவு செய்ய தேவராஜ் என்ற பேண்டு மாஸ்டர் அங்கே வந்திருக்கிறார். இவள் கார்னெட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் மாமாகிட்ட ‘நான் அடிக்கட்டுமா’ன்னு கேட்டேன். மாமா ‘யாரை?’ன்னு கேட்டார்” என்று சொல்லிச் சிரித்தாள். பேண்டு அடிக்கிறார்கள் என்று ஊரே சொல்வதால் அவள் சொன்னதில் தப்பில்லை.

இருவரும் அந்தப் பழைய பாட்டை வாசித்தார்களாம். அவர் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போகிறாராம், இவளுக்கு அது வரவில்லையாம். பதிலுக்கு இவள், அவர் வாசிப்புக்குக் கீழே இணைந்து ஓடும் இரண்டாம் குரல் ஒன்றைக் கூடச் சேர்த்தாளாம். “சோக்கா கீதும்மா, இத்த நாங்க வச்சிக்கிலாமா?” என்று அவர் கேட்டாராம். அவர் பேசியதை அவள் அப்படியே பேசிக் காட்டினாள். அவள் வாயில் எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டு நானும் சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு மனதில் ஏதோ உறுத்தியது.

மாப்பிள்ளை அழைப்பு அன்று காலை மறுபடியும் கூப்பிட்டாள். தேவராஜின் முதல் டிரம்பெட்காரர் பூந்தமல்லி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து, உதட்டில் தையல். முகூர்த்த நாள் என்பதால் வேறு ஆள் எங்கும் கிடைக்கவில்லை.

“நான் வாசிக்கறேன்னு சொன்னேன். எனக்குப் பாதிப் பாட்டு தெரியும். மீதிய கேட்டு வாசிச்சிடுவேன்.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“வேண்டாம்னா வேண்டாம். நீ கல்யாண வீட்டுப் பொண்ணு. தட்டு எடுத்துட்டு நடக்கணும்.”

“ஆனா ஏன்மா?”

“அண்ணிகிட்ட போனைக் குடு” என்றேன். போன் அணைந்தது. அவள் அணைத்தாளா, தானாக அணைந்ததா என்று தெரியவில்லை.

5

ஊரில் சாயங்காலம், இங்கே நண்பகல் தாண்டிய நேரம். சேகர் மாடியில் வேலையாக இருந்தார். நான் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு நேரலையைத் திறந்தேன்.

வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை ஒட்டிய மண்டபம். சற்றுத் தள்ளி ஒரு பிள்ளையார் கோயில். அங்கிருந்து மாப்பிள்ளையை மண்டபம்வரை சர்வீஸ் ரோட்டில் அழைத்து வர வேண்டும். அந்த ரோட்டை எனக்குத் தெரியும். கல்லூரிப் பேருந்துகள், தண்ணீர் லாரிகள், எதிர்த்திசையில் வரும் ஷேர் ஆட்டோக்கள். நடப்பவனுக்கு என்று அங்கே இடமே கிடையாது.

கேமரா முதலில் பெண்களைக் காட்டியது. தட்டு ஏந்திய பெண்கள் வரிசையாக வந்தார்கள். அண்ணி வந்தாள். அவள் முகம் இறுகியிருந்தது. நான் அனுப்பிய மாம்பழ நிறப் பாவாடையைத் தேடினேன். முதல் வரிசையில் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. காணொளியைப் பின்னால் இழுத்து மறுபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் பெண் இல்லை.

யாழினியின் எண்ணுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அண்ணிக்கு அடித்தேன். திரையில் அண்ணி இடுப்பில் செருகிய போனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எடுக்காமல் நடந்தாள். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் கேமரா பேண்டு செட் பக்கம் திரும்பியது. டிரம்காரர்கள், யுபோனியம், நெட்டையாகத் தேவராஜ். அவருக்கு இடப்புறம் முழங்கால்வரை தொங்கும் சிவப்புக் கோட்டு ஒன்று. கைகள் இரண்டு மடிப்பு மடித்து விடப்பட்டிருந்தன. கோட்டுக்குக் கீழே மாம்பழ நிறம். தொப்பிக்குள் பாதி முகம் மறைந்திருந்தாலும், கார்னெட்டைப் பிடித்திருந்த அந்த முழங்கையை எனக்குத் தெரியாதா?

“சேகர்!” என்று கத்தினேன். அவர் இறங்கி வருவதற்குள் போன் அடித்தது. அண்ணன்.

அண்ணனுக்குக் கோபம் வந்தால் மட்டும், அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பேச்சு வரும்.

“மல்லி, இன்னா பொண்ணு வளத்துகினு கீற நீ?” பின்னால் பேண்டு சத்தம் காதைப் பிளந்தது.

“அண்ணா, யாழினி...”

“ரோட்ல கீறா! பேண்டுக்காரனுங்க நடுவுல, அவனுங்க கோட்ட மாட்டிகினு! சம்பந்தி ஊட்டுக்காரங்க மொத்தமும் பாக்குறாங்க. மாப்ள அம்மா வந்து கேக்குறாங்க, அந்தப் பொண்ணு யாருன்னு. நான் இன்னான்னு சொல்ல?”

“கூப்பிட்டு உள்ள அனுப்புண்ணா. லாரி வர்ற ரோடு அது.”

“கூப்டேன்! ‘பாட்டு முடியல மாமா’ன்றா! லாரி வர்றது எனக்குத் தெரியாதா?”

அப்போது ஒரு பெரிய ஹாரன் சத்தம் போனையே உலுக்கியது. அண்ணன் வெறிபிடித்தவர் மாதிரி கத்தினார். “ஏய்! நில்லு! அறிவில்ல உனக்கு? நில்லுன்றேன்ல!”

இணைப்பு அறுந்தது. அதே நேரம் திரையும் உறைந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த வட்டம் எவ்வளவு நேரம் சுற்றியது என்று எனக்குத் தெரியாது. நான் கண்டது எல்லாம் என் மனதுக்குள்தான். அண்ணன் அவள் தோளைப் பிடித்து இழுக்கிறார். அவள் திமிறுகிறாள். கோட்டு தடுக்குகிறது. லாரி வருகிறது. சம்பந்தி வீட்டார் கூடி நிற்கிறார்கள். கல்யாணம் நிற்கிறது. அண்ணன் வாழ்நாள் முழுக்க என்னோடு பேசப்போவதில்லை. இவ்வளவும் அந்த வட்டத்துக்குள் நடந்துவிட்டது. சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது” என்றார்.

திரை திரும்ப வந்தபோது மண்டபத்து வாசல். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குகிறார். ஓரத்தில் பேண்டு செட் அரைவட்டமாக நின்று என் பாத்திரம் துலக்கும் பாட்டை வாசிக்கிறது. யாழினி முழுசாக இருக்கிறாள். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே இருந்த அந்த வழுக்கல், இங்கே தேவாலயத்துப் பின்கட்டில் வராதது, அங்கே வந்திருந்தது. நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். சோறு ஆறிப்போயிருந்தது.

6

கல்யாணம் நிற்கவில்லை. “ஃபாரின்ல படிக்கிற பொண்ணு, அங்க போயும் பேண்டா அடிக்குது?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதோடு சரி. அண்ணிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இரண்டு நாள் அழுதாளாம்.

சம்பவத்தை முழுவதும் நான் யாழினியிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அவள் திரும்பி வந்த அன்று, விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் காரில். ஊர்வலம் முடிந்ததும் பேண்டு செட்டோடு அவளும் மண்டபத்துப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறாள். “பாப்பா, நீ உள்ள போய் குந்தும்மா, அங்க எலை போட்டுகினு கீறாங்க” என்று தேவராஜ் விரட்டியிருக்கிறார். இவள், “நாம எல்லாரும் ஒண்ணாதானே வாசிச்சோம்?” என்று கேட்டிருக்கிறாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாராம்.

“நான் தப்பா ஏதோ சொல்லிட்டேனாம்மா? அவர் என்னோட பேசவே இல்ல அப்புறம்.”

“தப்பா சொல்லல” என்றேன்.

வரவேற்பில் திவ்யா மேடையிலிருந்து ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். கோட்டைக் கழற்றப் போனவளைத் தடுத்து, அப்படியே நிற்க வைத்துக் குடும்பப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படம் எனக்கும் வந்தது. மணமக்களுக்குப் பக்கத்தில் சிவப்புக் கோட்டோடு என் மகள், உதடு வீங்கி. அண்ணன் ஓரத்தில் நிற்கிறார், கேமராவைப் பார்க்காமல்.

கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் எனக்கு அடக்கி வைத்த கோபம் வந்தது. “நான் வேண்டாம்னு சொன்னேன் இல்ல?”

“ஏன்னு சொல்லலியே” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “இங்க என் கோட்டுக்கு நீதான் இஸ்திரி போடற. மேயர் வந்தா நீதான் போட்டோ எடுக்கற. அங்கயும் சேம் கோட்டுதான். நீ சொல்லு, ஏன்?”

ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தேன். அவளுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு மொழி இருந்தது. இரண்டிலும் வாய் வரவில்லை. முன்னால் சேகர் ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

7

அண்ணன் போன் செய்யவில்லை. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறவர். நான் அடித்தால் அண்ணி எடுத்து, “குளிக்கிறார்”, “தூங்குறார்”, “கடைக்குப் போயிருக்கார்” என்றாள். ஒரு மனிதரால் அவ்வளவு குளிக்க முடியாது. என் பாஸ்போர்ட்டும் வரவில்லை. இரண்டு பக்கமும் கதவு சாத்திய மாதிரி இருந்தது. ஒத்திகைக்குப் போய்த் தாள்களை அடுக்குவேன், யாருடைய தாள் யாருக்கு என்று மாற்றிக் கொடுத்துவிடுவேன்.

கல்யாண வீடியோ எடுத்தவர்கள் முழுப் பதிவையும் முடித்து அனுப்பியபோது குளிர் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளை அழைப்பை மட்டும் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். நேரலைக்கு ஒரு கேமரா, பதிவுக்கு இன்னொன்று போலிருக்கிறது. இது ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தது.

பெண்ணின் அப்பா மண்டபத்து வாசலில் மாலையோடு காத்திருக்க வேண்டியவர். அண்ணன் அங்கே இல்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேண்டு செட்டுக்கு வெளிப்பக்கமாக, யாழினிக்கும் வண்டிகளுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தார். ஒரு கை போனைக் காதில் பிடித்திருக்கிறது. மறு கை, போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி, நீட்டியபடியே இருக்கிறது. ஆட்டோ ஒன்று உரசிக்கொண்டு வருகிறது, அதன் கூரையில் தட்டித் தள்ளுகிறார். பின்னாலிருந்து ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு முட்டுகிற மாதிரி வருகிறது. அண்ணன் போனோடு திரும்பி, நேராக லாரிக்கு முன்னால் போய் நின்று கையை ஓங்கிக் கத்துகிறார். சத்தம் கேட்கவில்லை, அதன்மேல் பேண்டு பாட்டு. ஆனால் வாய் அசைவு எனக்குத் தெரிந்தது. ஏய். நில்லு. அறிவில்ல உனக்கு?

லாரி நின்றது. யாழினிக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தாள்.

அண்ணிக்கு அடித்து, “அவரைக் கூப்பிடுங்க, குளிச்சாலும் பரவாயில்ல” என்றேன். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. அப்புறம் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“சொல்லு.”

“வீடியோ பாத்தேண்ணா.”

“எந்த வீடியோ?”

“மாப்பிள்ள அழைப்பு. நீ லாரி முன்னாடி போய் நின்னது.”

பாரிவாக்கத்தில் ஏதோ குக்கர் விசில் அடித்தது.

“அண்ணா, அன்னிக்கு நீ யாழினியத்தான் திட்டுறன்னு நெனச்சேன்.”

“அவள ஏன் திட்றேன்?” என்றார். குரல் ஏறியது. “புள்ள கண்ண மூடிகினு வாசிச்சுகினு கீது. பாதிப் பாட்டுல அவன் பாட்டுக்கு ஹாரன் அடிக்கிறான், பொறம்போக்கு!”